பங்கு போட்ட மருந்து

எங்கள் மேஸ்திரிக்குத் தராசு என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரியாது. வைத்தவன் சரியாகத்தான் வைத்தான். ஒரு பழத்தை அறுத்து அவர் பங்கு போட்டால், எந்தத் துண்டை எடுப்பது என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. எல்லாத் துண்டும் ஒன்றுபோல மெலிந்திருக்கும்.

மூட்டை தூக்குகிறவர்களுக்குள் சண்டை வருவது இரண்டே விஷயத்துக்கு. எவன் தோளில் கனம் அதிகம், எவன் கையில் பங்கு குறைவு. இரண்டையும் அவரே தீர்த்துவைப்பார். நிழலைக்கூடப் பங்கு போட்டவர் அவர். மதியம் கிடங்குச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் நிழல் விழும். முதலில் பாதிப் பேர் அதில் உட்கார வேண்டும், அவர்கள் எழுந்தபிறகு மீதிப் பேர். மீதிப் பேரின் முறை வரும்போது நிழல் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். அதற்கு அவர் என்ன செய்வார் பாவம். அவரால் முடிந்த நியாயத்தை அவர் செய்துவிட்டார்.

கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைகள் ஒரே வரிசையாக இருக்கின்றன. குடும்பத்தோடு அங்கேதான் எங்கள் வாசம். யாருக்கு எந்த அறை என்பதும் தராசு சொல்வதுதான். தன் கூடப்பிறந்த தங்கைக்கு நல்ல அறையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்பதற்காக, ஒழுகுகிற அறையாகப் பார்த்துக் கொடுத்தார்.

அந்தத் தங்கையை நாங்கள் கோணூசி என்போம். கிழிந்து வரும் மூட்டைகளைக் கொட்டி வேறு சாக்கில் நிரப்பி வாய் தைப்பது அவள் வேலை. கையில் எந்நேரமும் அந்த நீளமான சாக்கு ஊசி இருக்கும். பெயருக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவள் சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு தடித்த தோலையும் தாண்டி உள்ளே இறங்கும். அவள் புருஷன் எங்களோடு மூட்டை தூக்குகிறவன். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அதற்கும் தலையாட்டுவான்.

இவர்களுக்கு ஒரே மகள், மிளகு. ஆள் அவ்வளவுதான் இருப்பாள், வாய் காரமாக இருக்கும். தராசுக்கு ஒரே மகன், டிரம்மு. அவன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியதே இல்லை, காதை வைத்திருந்தால் போதும்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் தொண்டை வலி வந்தது. ஒரே கிணற்றடியில் விளையாடிய பிள்ளைகள், ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரே மாதிரி படுக்கவில்லை. டிரம்முக்கு மூக்கு ஒழுகிற்று, இருமல், குரல் கட்டிப்போய்த் தவளைபோல் பேசினான். பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. மிளகுக்கு மூக்கு காய்ந்திருந்தது. இருமல் துளியும் இல்லை. காய்ச்சல் மட்டும் அடுப்புக் கல்லாகக் கொதித்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தில் துப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் வாய் மூடியிருந்ததே எங்களுக்குப் பெரிய கலவரமாக இருந்தது.

தராசு தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் அதில் கொண்டுவந்து போட வேண்டும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிவப்பும் கறுப்புமான கேப்சூல் தொண்டைக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, வெள்ளை எதற்கு வேண்டுமானாலும். டப்பா எப்போதும் நிறைந்தே இருக்கும். அதாவது, எங்களில் ஒருவன்கூட ஒரு மருந்தையாவது கடைசிவரை சாப்பிட்டு முடித்ததில்லை என்று அர்த்தம். அந்த அர்த்தம் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. டப்பா நிறைந்திருக்கிறதே என்று பெருமைதான் பட்டுக்கொண்டோம்.

கோணூசி டப்பாவைத் திறக்கவே விடவில்லை. "எச்சி முழுங்க முடியாத பிள்ளைக்கு இதுல எதைன்னு கொடுப்பீங்கண்ணே? நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் கிளம்புவதைப் பார்த்து, தராசின் மனைவியும் டிரம்மை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நாத்தனார் ஒரு இடத்துக்குப் போகிறாள் என்றால் அங்கே ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம். தான் மட்டும் விட்டுவிடுவாளா?

இலவச மருத்துவமனையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஒரே வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. காலையிலிருந்து எத்தனை வாயைத் திறக்கச் சொன்னாரோ, அவர் வாய் களைத்துப்போயிருந்தது. டார்ச் அடித்து இரண்டு பிள்ளைகளின் தொண்டையையும் பார்த்தார். மிளகின் தொண்டை சிவந்து, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பஞ்சுக் குச்சியால் அதை ஒரு தடவு தடவி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே முடிவு வந்துவிட்டது. பாக்டீரியாக் கிருமி. டிரம்முக்குக் குச்சியே எடுக்கவில்லை. அதுதான் முதல் அவமானம்.

தராசின் மனைவி விடவில்லை. என் பிள்ளைக்கும் தொண்டைதான் வலிக்கிறது, அவனுக்கும் தடவிப் பாருங்கள் என்றாள்.

"மூக்கு ஒழுகுது, இருமுறான், குரல் கட்டியிருக்கு. இது வைரஸ் சளிம்மா. அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கற மருந்துக்கு அது சாகாது. கொடுத்தா வயித்துல இருக்கற நல்ல கிருமிதான் சாகும். தேவையில்லாதப்ப குடிச்சுப் பழக்கிட்டா, நாளைக்கு நிஜமாத் தேவைப்படறப்ப மருந்துக்குக் கிருமி பயப்படாது" என்றார் டாக்டரம்மா. வெதுவெதுப்பான தண்ணீர், ஓய்வு, காய்ச்சல் வந்தால் அதற்கு மட்டும் மாத்திரை. அவ்வளவுதான் டிரம்முக்கு.

மிளகுக்கு ஒரு பாட்டில் கிடைத்தது. உள்ளே பொடி இருக்கும், கோடுவரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் இளஞ்சிவப்பாக மருந்தாகும். காலையும் மாலையும், பத்து நாள். டாக்டரம்மா கோணூசியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாராம்:

"ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விட்டுடும், குதிச்சு விளையாடுவா. அப்ப நிறுத்திடாதே. இந்தக் கிருமியைப் பாதியில விட்டா, சில பிள்ளைங்களுக்குப் பின்னாடி இதயமே கெட்டுப்போயிடுது. பாட்டில் முழுசும் இவளுக்கு. புரியுதா?"

கோணூசிக்குப் புரிந்தது.  வழியெல்லாம் பாட்டிலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்துச் சீட்டில் அவள் அண்ணி வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வெறுங்கை குழாயடிக்கு வந்ததும் பேச ஆரம்பித்தது. ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அவளுக்கு பாட்டில், எனக்குத் தண்ணீர். தண்ணீர் குடிக்க நான் அவ்வளவு தூரம் போக வேண்டுமா, குழாயில் வராதா? டாக்டரம்மாவிடம் என்ன சொல்லி மயக்கினாளோ என்றுகூட ஒரு பேச்சு வந்தது. தன் பிள்ளைக்குப் பெரிய நோய் வரவில்லையே என்று ஒருத்திக்குப் பொறாமை வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த சில நாளில் டாக்டரம்மா சொன்னபடியே மிளகுக்குக் காய்ச்சல் விட்டது. கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் வேலையாக அப்பனைத் திட்டினாள். எங்களுக்கு நிம்மதி. டிரம்மு இன்னும் இருமிக்கொண்டிருந்தான். அதைக் கேட்கக் கேட்க தராசுக்கு நியாயம் பொங்கிற்று. கோணூசி கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, கையில் ஒரு காலி பாட்டிலோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே தலையாட்டி இருந்தான்.

"மாப்பிள்ளை, ரெண்டும் பிள்ளைங்க. ரெண்டுக்கும் தொண்டை. வீட்டுல இருக்கறது ஒரு மருந்து. உன் பொண்ணு எழுந்து ஓடறா, என் பையன் இருமறான். இனி என்ன செய்யணும்னு நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலை ஆடியது.

அவர் ஊற்றிய அழகை நான் பார்த்தேன். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இங்கிருந்து கொஞ்சம் அங்கே, அங்கிருந்து கொஞ்சம் இங்கே. கடைசியில் ஒரு சொட்டு தொங்கிற்று. அதையும் தட்டித் தங்கை பாட்டிலில் விட்டார். அடுத்தவர் சொட்டு தனக்கு வேண்டாம் என்று. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் மெச்சிக்கொண்டோம், என்ன மனுஷனய்யா இவர் என்று.

கோணூசி வந்து பாட்டிலைத் தூக்கினாள். தூக்கிய கைக்கே தெரிந்துவிட்டது.

"பாதி எங்க?"

"மச்சான் கேட்டாரு."

"கேட்டா?"

"மச்சான் கேட்டாரு" என்றான் தலையாட்டி மறுபடியும். அவனைப் பொறுத்தவரை கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான்.

அவள் நேரே அண்ணன் அறைக்குப் போனாள். போய்ப் பிரயோஜனம் இல்லை. இத்தனை நாள் விட்டுப்போனதற்கும் சேர்த்து அண்ணி அளவு பார்க்காமல் மகன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தராசு வாசலில் உட்கார்ந்து தங்கைக்குப் புரியவைத்தார். ஒரு சொட்டு கூடக் குறைய இல்லை, வேண்டுமானால் மாப்பிள்ளையைக் கேள்.

"மருந்தைப் பங்கு போட்டீங்க. நோயைப் பங்கு போட்டீங்களாண்ணே?" என்றாள் அவள்.

எங்களில் சிலர் சிரித்தோம். தராசும் சிரித்தார். பெண்பிள்ளை பயப்படுகிறாள், டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றார். இதயம் எங்கே இருக்கிறது, தொண்டை எங்கே இருக்கிறது, நடுவில் எவ்வளவு தூரம்?

மருத்துவமனைக்குத் திரும்பப் போய் விஷயத்தைச் சொல்லி இன்னொரு பாட்டில் வாங்கி வருகிறேன் என்று கேட்டாள். அங்கேயும் நின்றவர் தராசுதான், இந்தத் தடவை மேஸ்திரியாக. மழையில் நனைந்து வந்த சரக்கு, சாக்கெல்லாம் கிழிசல், வாய் தைக்க அவளை விட்டால் ஆள் இல்லை. லாரிகள் நிற்கின்றன. குதித்து விளையாடுகிற பிள்ளையைக் காட்டி லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிக்க மாட்டாரா என்றார். கேட்க எல்லாமே சரியாக இருந்தது. தராசு சொல்வது எப்போதும் கேட்கச் சரியாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் டிரம்முக்கு வயிறு பிய்த்துக்கொண்டது. வீட்டுக்கும் கழிப்பறைக்குமாக ஓடினான். ஓடுகிறவனைப் பார்த்து, "கெட்டதெல்லாம் வெளியே போகுது, மருந்து வேலை செய்யுது" என்றார் அவன் அப்பா. அதற்கப்புறம் சளி வந்த வழியே போயிற்று. மருந்தே கொடுக்காவிட்டாலும் போயிருக்கும். ஆனால் நம்மூரில் எது கடைசியாக வாய்க்குள் போயிற்றோ அதற்குத்தானே பெயர். தராசு எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்: ஒரு பாட்டிலில் இரண்டு பிள்ளையைக் குணப்படுத்தினேன், அந்த டாக்டரம்மா ஒன்றைத்தான் குணப்படுத்தியிருப்பார்.

கோணூசி வேளை தவறாமல் மகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். பாட்டில் நாளுக்கு நாள் இறங்கியது. பத்து நாள் ஆவதற்கு வெகு முன்னாலேயே ஸ்பூன் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டது. அவள் தண்ணீர் விட்டுக் குலுக்கி அந்தக் கழுவலையும் மகளுக்குக் கொடுத்தாள். அது மருந்தாகாது என்று தெரிந்துதான் கொடுத்தாள்.  அப்புறம் ஒவ்வொரு காலையும் பிள்ளையை வாசலுக்கு இழுத்துவந்து வெயிலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் கேட்பாள். மிளகுக்கு அது விளையாட்டாக இருந்தது. "உள்ள யாரும்மா பேசறாங்க?" என்று கேட்பாள்.

ஒருநாள் வாயைத் திறக்கச் சொன்னபோது பிள்ளை திறக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டது. உடம்பு சுட்டது. கழுத்துக் கட்டி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று கோணூசி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சாக்கில் ஊசியைக் குத்தி நிறுத்தினாள், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள், வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். தராசு பின்னாலிருந்து கூப்பிட்டது எங்களுக்கெல்லாம் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

டாக்டரம்மா மறுபடி குச்சியால் தடவிப் பார்த்தார். அதே கிருமி. மருந்து முழுசும் கொடுத்தாயா என்று கேட்டார். கோணூசி உள்ளதைச் சொன்னாள். யார் வாங்கிக்கொண்டது என்பதற்கு அண்ணன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, சமமாக இருக்கட்டுமாம் என்றாள்.  திட்டுவார் என்று இவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு மிளகின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். முன்னால் கேட்டார், முதுகில் கேட்டார், மறுபடி முன்னால் கேட்டார். மூட்டுகளை அமுக்கிப் பார்த்தார். அவர் கண்ணைத் திறக்கும்வரை தான் மூச்சு விட்டோமா என்று தனக்கு நினைவில்லை என்றாள் கோணூசி.

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தடவையும் பாதியில விட்டா நான் எதுவும் சொல்ல முடியாது. மருந்து முடிஞ்சதும் கூட்டிட்டு வா, மறுபடி கேக்கணும்" என்று புதுப் பாட்டில் கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது தராசு வரிசை முனையில் நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி. சளி போனாலும் டிரம்முக்கு லேசான இருமல் இன்னும் நிற்கவில்லை, மனைவிக்கும் காலையிலிருந்து தொண்டை கரகரவென்று இருக்கிறது. கையில் அதே காலி பாட்டில், கழுவிக் காயவைத்தது.

வேலையைப் பாதியில் விட்டுப்போனதற்கு அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை. பாட்டிலை மட்டும் நீட்டினார். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். தலையாட்டி ஒரு தடவை மனைவியைப் பார்த்தான், ஒரு தடவை மச்சானைப் பார்த்தான். எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் தலை நடுவில் நின்றது.

கோணூசி சிரித்த முகமாகச் சொன்னாள், "நாளைக்குப் பங்கு போட்டுக்கலாம்ணே. நானே போடறேன். நீங்க சொல்லிக்கொடுத்த கணக்குதானே."

தராசுக்குச் சந்தோஷம். கடைசியில் தங்கைக்குப் புத்தி வந்துவிட்டது என்றார் எங்களிடம்.

மறுநாள் காலை கோதுமை லாரி. கோணூசி முன்கூட்டியே வந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் மருந்து பாட்டில் துணியில் சுற்றியபடி இருந்தது. ஒரு சாக்கு வாய்க்கு இவ்வளவு என்று சணல் நூலை வெட்டிவைத்திருப்பாள். அன்று ஒரு நூலை எடுத்து நடுவில் மடித்து, இரண்டு முனையும் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்து, மடித்த இடத்தில் வெட்டினாள். என்னவோ செய்கிறாள் என்று நினைத்தேனே தவிர, என் முதுகில் அடுத்த மூட்டை ஏறிவிட்டதால் அதற்குமேல் நினைக்கவில்லை. மூட்டை ஏறினால் எங்களுக்கு நினைப்பு இறங்கிவிடும்.

அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தவன் தலையாட்டி. தராசும் இன்னொரு ஆளும் இரண்டு பக்கமும் பிடித்து அவன்மேல் ஏற்றினார்கள். குனிந்து அவன் ஒரு எட்டு வைத்தான். சாக்கின் வாய் திறந்தது. கோதுமை சரசரவென்று அவன் தலைமேல், கழுத்துக்குள், முதுகில் இறங்கி, பிடித்துக்கொண்டிருந்த தராசின் சட்டைக்குள்ளும் நிறைந்து, லாரிக்கு முன்னால் ஒரு குவியலாகக் கொட்டியது. தலையாட்டி குவியலுக்கு நடுவில் காலி சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றான்.

தராசு சாக்கைப் பிடுங்கிப் பார்த்தார். வாயில் ஒரு பாதி அழகாக, நெருக்கமாகத் தைத்திருந்தது. மறு பாதி அப்படியே திறந்திருந்தது.

"என்ன தையல் இது?"

"பாதித் தையல்ணே."

"மீதி நூல் எங்க போச்சு?"

கோணூசி ஊசியால் பக்கத்து மூட்டையைக் காட்டினாள். அது வரும்போதே இயந்திரத் தையல் போட்டு, மூடி வந்த மூட்டை. அதன்மேல், இருந்த தையலுக்கு மேலேயே, இன்னொரு பாதித் தையல் ஓடியிருந்தது.

"அதுதான் ஏற்கனவே மூடியிருக்கே. அதுக்கு எதுக்குத் தைச்சே?"

"அதுவும் சாக்குதானேண்ணே. ஒரே லாரியில வந்தது, ஒரே இடத்துல கிடக்குது. இதுக்கு மட்டும் தைச்சா அதுக்கு மனசு சங்கடப்படாதா? சமமா வெட்டிப் போட்டேன். வேணும்னா நூலை வெச்சுப் பாருங்க."

முதலில் நாங்கள் சிரித்தோம். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தராசின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைக்குள்ளிருந்து கோதுமை மணி மணியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"சாக்கும் பிள்ளையும் ஒண்ணா?" என்றார், குரல் இறங்கி.

"இல்லைண்ணே. சாக்கு கொட்டினா அள்ளிக்கலாம்."

 மடியிலிருந்த பாட்டிலின்மேல் அவள் இடது கையை வைத்துக்கொண்டிருந்தாள்.  அப்போதுதான் தெரிந்தது, அவள் இதை வேடிக்கையாகச் செய்யவில்லை என்று. அண்ணன் நினைத்தால் வேலையும் போகும், அந்த ஒழுகுகிற அறையும் போகும்.

அண்ணன் நினைப்பதற்கு முன்னால் சூப்பர்வைசர் வந்துவிட்டார். அவருக்குச் சத்தத்தைவிட அமைதிதான் சந்தேகம். குவியலைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், ஊசி வைத்திருந்தவளைப் பார்த்தார். யார் வேலை இது, இந்த நிமிஷமே அவளை வெளியே அனுப்பு என்றார்.

தராசு கையிலிருந்த சாக்கின் திறந்த பாதியை விரலால் சேர்த்துப் பிடித்தார். பிறகு, "நான்தான் அப்படித் தைக்கச் சொன்னேன் சார்" என்றார்.

"பாதி வாயைத் தைக்கச் சொன்னியா?"

"ஆமா சார்."

"மூடியிருக்கற சாக்குக்கு மேலயும் தைக்கச் சொன்னியா?"

"ஆமா சார்."

சூப்பர்வைசருக்கு இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் அடிக்கடி அமையாது. உனக்கு மூளை இருக்கிறதா, இருந்தால் அது எந்தச் சாக்கில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். எங்கள் எல்லார் முன்னாலும், லாரி டிரைவர் முன்னாலும், மனைவி மகன் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத் திட்டினார். தராசு தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அந்தத் திட்டை மட்டும் அவர் யாருக்கும் பங்கு போடவில்லை.

மாலையில் மண்ணோடு கூட்டி அள்ளிய கோதுமையை வழக்கப்படி எங்களுக்கு விட்டுவிட்டார்கள். தராசு பங்கு போட்டார். எல்லாருக்கும் ஒரே அளவு. பங்கு போட்டு முடித்ததும், கழுவிக் காயவைத்த அந்தக் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார். டிரம்முக்கும் மனைவிக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அந்த இருமல் மெதுவாக, தன் சௌகரியத்துக்கு, ஒருநாள் நின்றது. அவர் மனைவியின் கரகரப்பும் போயிற்று, குரல் மட்டும் பழைய பலத்தோடு திரும்பிவந்தது.

அதற்கப்புறம் தராசு சும்மா இருப்பார் என்று நினைத்தால் நீங்கள் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. காலையும் மாலையும் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று, "மருந்து குடிச்சாச்சா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்துவார். காய்ச்சல் விட்டதும் தலையாட்டி போதும்போல இருக்கிறதே என்று ஒரு வார்த்தை இழுத்தான். அவ்வளவுதான், மச்சான் அவனை அங்கேயே உட்காரவைத்துக் கிருமியின் குணம் என்ன, அது எப்படிப் பதுங்கும் என்று பேசிப் பேசி மாளவைத்துவிட்டார். மிளகு கடைசி ஸ்பூனைக் குடித்துவிட்டு, "மாமா, முடிஞ்சுது. இனிமே வந்து கத்தாதீங்க" என்றாள்.

டாக்டரம்மா சொன்னபடி மறுபடி நெஞ்சைக் கேட்டார். கண்ணைத் திறந்து, நன்றாக இருக்கிறது என்றார். உள்ளே யார் பேசுகிறார்கள் என்று மிளகு அவரிடமும் கேட்டாள். அவர் குழாயை அவள் காதில் மாட்டிவிட்டார். வழி முழுக்கப் பஸ்ஸில் வந்தவர்களிடமெல்லாம் டப்டப் டப்டப் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கோணூசி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தராசின் பிஸ்கட் டப்பாவில் இப்போது மாத்திரை இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். டப்பாவை மட்டும் திருப்பி வாங்கி வந்தார். புதிதாக வேலைக்கு வருகிறவன் எவனாவது தும்மிவிட்டு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டால் போதும், அவனை உட்காரவைத்துக் கதை சொல்ல ஆரம்பிப்பார். மூக்கு ஒழுகுதா, இருமுதா, அப்ப இது வேற. விழுங்க முடியலையா, காய்ச்சலா, அப்ப டாக்டர்கிட்ட போய் வாயைத் திற. கொடுத்தா முழுசும் குடி, கொடுக்கலைன்னா கேக்காதே. பாதித் தையல் போட்டா என்ன ஆகும்னு ஒருநாள் இவங்களுக்கெல்லாம் நேராவே காட்டினேன், கேட்டுப் பார். "நான்தான் அப்படித் தைக்கச் சொன்னேன்" என்று முடிப்பார்.

பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டு கோணூசி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. உன் பெருமையை முழுசாக உன் அண்ணன் அள்ளிக்கொண்டு போகிறாரே, பாதியாவது கேட்கக் கூடாதா என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"முழுசும் அவரே வெச்சுக்கட்டும். இனிமே எதையும் பாதியாக்க எனக்குத் தெம்பில்லை."